ஜப்பானில் கோடை: மத்தியானத்தை விட்டுக்கொடுத்து ஊர் பார்ப்பது எப்படி?

சென்னை வெயிலில் வளர்ந்தவனை ஜப்பான் வெயில் என்ன செய்துவிடும் என்ற நினைப்போடுதான் ஜூலைக் கடைசியில் விமானம் ஏறினேன். மூன்றாம் நாள் பகல் ஒரு மணிக்கு, கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி மலையில், வரிசை வரிசையாக நிற்கும் செந்நிறத் தோரண வாயில்களுக்கு நடுவே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் பாட்டில் காலியாகி அரை மணி நேரம் ஆகியிருந்தது. மேலிருந்து இறங்கி வந்த ஒரு பாட்டி நின்றார். பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் காகிதத்தைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். வாயில் போட்டுக்கொள் என்று சைகை காட்டினார். உப்பு மிட்டாய். நான் கரைத்து விழுங்கும் வரை பக்கத்திலேயே நின்று விசிறிவிட்டுத்தான் போனார்.

அன்று இரவு அறையில் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் விஷயம் புரிந்தது. நம் ஊரில் உச்சி வெயிலில் நாம் நடப்பதே இல்லை. பஸ்ஸோ ஆட்டோவோ ஏறிவிடுகிறோம், இல்லையென்றால் மின்விசிறிக்குக் கீழே படுத்துவிடுகிறோம். ஜப்பானில் சுற்றுலாப் பயணி ஒருவர் ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் காலடி நடப்பது சாதாரணம். பெரிய ரயில் நிலையங்களில் ஒரு நடைமேடையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதே ஒரு நடைப்பயிற்சி. புழுக்கம் சென்னைக்குச் சமம். கடற்காற்று மட்டும் கிடையாது.

முதல்முறை கோடையில் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றே ஒன்றைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்: காலை பதினொன்றிலிருந்து மாலை நாலு வரை திறந்த வெளியில் அலையாதீர்கள். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இதை ஒட்டியவைதான்.

தேதி

டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தேதியைப் பிடிக்காதீர்கள். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா இருக்கும் ஹொன்ஷூ தீவில், ஜூன் முற்பகுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி அல்லது பிற்பகுதி வரை மழைக்காலம். அதற்கு ட்சுயு என்று பெயர். எழுதும்போது ‘பிளம் மழை’ என்ற எழுத்துகளில் எழுதுகிறார்கள். பிளம் பழுக்கும் பருவம் அது. எல்லா நாளும் கொட்டித் தீர்க்காது. நசநசவென்று தூறும், விடும், மறுபடி பிடித்துக்கொள்ளும். துவைத்த துணி காயாது. ஒகினாவாவில் இந்த மழை ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே வந்து முடிந்துவிடும். வடக்கே ஹொக்காய்டோவில் இந்த மழைக்காலம் இல்லை என்றே சொல்லலாம்.

மழை முடிந்த மறுநாளே வெயில் தொடங்கும். அதை அளந்து பெயர் வைத்திருக்கிறார்கள்: 30 டிகிரியைத் தொட்டால் மனாட்சுபி, 35-ஐத் தொட்டால் மோஷோபி, இரவிலும் 25-க்குக் கீழே இறங்காவிட்டால் நெத்தாய்யா. தொலைக்காட்சி வானிலை அறிக்கையில் இந்த மூன்று சொற்களும் தினமும் வரும். 2025 ஆகஸ்ட் 5 அன்று குன்மா மாகாணத்தின் இசெசாகி நகரில் 41.8 டிகிரி பதிவானது. அதுவரை அந்த நாட்டில் பதிவானதிலேயே அதுதான் அதிகம்.

ஆகஸ்ட் 13 முதல் 16 வரை ஒபோன். முன்னோர்கள் வீட்டுக்கு வந்து போவதாக நம்பிக்கை. ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும் நாட்கள். நம் பொங்கல் நேரத்துக் கோயம்பேட்டை நினைத்துக்கொள்ளுங்கள், கூச்சலை மட்டும் கழித்துவிடுங்கள். அந்த வாரத்தில் டோக்கியோ–ஒசாகா தடத்தின் மிக வேகமான நொசோமி ரயில்களில் எல்லாப் பெட்டிகளும் முன்பதிவுப் பெட்டிகளாகிவிடும். முன்பதிவு இல்லாமல் போய் இருக்கை பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு அப்போது சரிவராது.

தமிழ்நாட்டிலிருந்து குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நம் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முழுக்க வருகிறது. ஏப்ரல் 29-லிருந்து மே 5 வரை ஜப்பானியருக்கும் தொடர் விடுமுறை, அதைத் தாண்டிவிடுங்கள். மே நடுப்பகுதியில் போனால் மழையும் இல்லை, வெயிலும் கொல்லாது. ஜூலை, ஆகஸ்டில்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் பயணத்தில் பாதியையாவது ஹொக்காய்டோவுக்கோ நகானோவின் மலைப் பகுதிக்கோ ஒதுக்குங்கள். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கமிகோச்சியில் ஆகஸ்ட் மாதக் காலை நேரத்தில் மேல்சட்டை தேவைப்பட்டது எனக்கு. கியோட்டோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளம். சூடு உள்ளே புகுந்தால் வெளியேற வழியில்லை.

பெட்டி

சட்டைகள் நாலைந்து போதும். நடுத்தர ஹோட்டல்களில்கூட நாணயம் போட்டுத் துவைக்கும் இயந்திரம் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை சட்டை மாற்றுவீர்கள் என்று வைத்துக்கொண்டு 100 யென் நாணயங்களைச் செலவழிக்காமல் சேர்த்து வையுங்கள். கனமான பருத்திச் சட்டை வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய, சீக்கிரம் காயும் துணிதான் நல்லது.

ஒரு சின்னத் துண்டு எப்போதும் பையில் இருக்க வேண்டும். முகம் துடைக்க மட்டுமல்ல. பல கழிவறைகளில் கை கழுவியபின் துடைக்கக் காகிதம் இருக்காது. ஆளுக்கொரு துண்டு வைத்திருப்பார்கள் என்பது அங்கே எழுதாத விதி. அதோடு ஒரு பிளாஸ்டிக் பையும். தெருவில் குப்பைத்தொட்டி தேடிச் சலித்துப்போவீர்கள். 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுத் தாக்குதல் நடந்தபின் பொது இடங்களிலிருந்து நிறையத் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். உங்கள் குப்பையை அறைவரை நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

குடையை அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஆகும்படி, உள்பக்கம் கறுப்புப் பூச்சு பூசிய மடக்குக் குடைகள் கிடைக்கின்றன. ஆண்களும் பிடித்துக்கொண்டு போகிறார்கள், கூச்சப்படத் தேவையில்லை. கழற்றி மாட்ட எளிதான காலணியும் ஓட்டை இல்லாத காலுறையும் அவசியம். கோயில், தங்கும் விடுதி, சில உணவகங்கள் என்று எங்கெல்லாமோ கழற்ற வேண்டியிருக்கும். மின்சாரம் 100 வோல்ட். இரண்டு தட்டைக் கால் உள்ள பிளக்தான் பொருந்தும். நம் உருண்டைக் கால் பிளக்குகளுக்கு அடாப்டர் வேண்டும்.

பையில் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பழம், கருவாட்டுப் பொட்டலத்தோடு ஆட்டுக்கறித் தொக்கு என்று வீட்டில் அன்பாகக் கட்டிக்கொடுப்பார்கள். இறைச்சி சேர்ந்த எதையும் உள்ளே விடமாட்டார்கள். செடி, காய், பழ வகைகளுக்கு ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவரச் சோதனைச் சான்றிதழ் வேண்டும். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

இறங்கியதும் செய்ய வேண்டியவை

குடியேற்ற, சுங்கப் படிவங்களை ‘விசிட் ஜப்பான் வெப்’ என்ற அரசு இணையதளத்தில் ஊரிலேயே நிரப்பிவிட்டால் கியூஆர் குறியீடு ஒன்று கிடைக்கும். வரிசையில் நின்றுகொண்டு பேனா கடன் கேட்க வேண்டியதில்லை.

அடுத்து, ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கடைக்கும் பொதுவான தொடு அட்டை. டோக்கியோவில் சுயிகா, ஒசாகா பக்கம் இக்கோகா; எதை வாங்கினாலும் பெரும்பாலான பெரிய நகரங்களில் செல்லும். வெளிநாட்டவருக்கென்று உள்ள ‘வெல்கம் சுயிகா’ 28 நாள் செல்லும், முன்பணம் இல்லை, மிச்சத் தொகை திரும்பக் கிடைக்காது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஏற்றிக்கொள்ளுங்கள்.

எல்லா ஊருக்கும் ஒரே பாஸ் வாங்கிவிடலாம் என்று பழைய பயணக் குறிப்புகளை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000-க்கு ஏறியது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் புல்லட் ரயிலில் ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000 யென். போய்த் திரும்பினாலும் பாஸின் விலையை எட்டாது. தனித்தனியாக டிக்கெட் எடுப்பதே லாபம்.

பெரிய பெட்டியை நீங்கள் இழுக்காதீர்கள். இதைக் கோடைக்காலத்தில் இரண்டு முறை சொல்ல வேண்டும். ஹோட்டல் வரவேற்பு மேசையில் கொடுத்தால் அடுத்த ஊர் ஹோட்டலுக்குப் பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். இந்தச் சேவைக்குத் தக்குஹாய்பின் என்று பெயர். ஒரு இரவுக்கான துணியை மட்டும் முதுகுப்பையில் வைத்துக்கொண்டு நீங்கள் கைவீசிப் போகலாம். கையோடுதான் கொண்டுபோவேன் என்றால், நீள, அகல, உயரத்தைக் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு அந்த ஷின்கான்சென்னில் தனி இடம் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு நாளை வெட்டுவது

ஜூலையில் டோக்கியோவில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் உதித்துவிடும். மாலை ஏழுக்கு இருட்டிவிடும். சில நாடுகளைப் போலக் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும் பழக்கம் அந்த நாட்டில் இல்லை. இதனால் வெளிச்சமும் குளிர்ச்சியும் சேர்ந்து கிடைக்கும் நேரம் ஊர் தூங்கும் நேரமாக இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணியை ஒட்டி ரயில்கள் ஓடத் தொடங்குகின்றன. ஃபுஷிமி இனாரிக்குக் கதவே இல்லை, எப்போதும் போகலாம். கியோமிசு கோயில் ஆறு மணிக்குத் திறக்கிறது. டோக்கியோவின் அசகுசாவில் சென்சோ கோயில் மண்டபமும் கோடையில் ஆறு மணிக்கே திறந்துவிடும்.

என்னை வீழ்த்திய அதே மலைக்கு ஐந்தாம் நாள் காலை ஐந்தே காலுக்குத் திரும்பப் போனேன். ஈரக் கல்படி. தோரண வாயில் ஒவ்வொன்றின் பின்பக்கமும் கொடுத்தவர் பெயரும் தேதியும் கறுப்பு எழுத்தில். பகலில் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே பார்த்ததால் அந்த எழுத்துகளை நான் கவனித்திருக்கவே இல்லை. நம் கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் எழுதியிருக்குமே, அதே சங்கதி. வழியில் எதிர்ப்பட்டவர்கள் காலை நடைக்கு வந்த உள்ளூர்க்காரர்கள் நாலைந்து பேர்தான். எல்லோரும் காலை வணக்கம் சொன்னார்கள்.

ஏழரையிலிருந்து ஒன்பது வரை பெருநகர ரயில்களில் அலுவலகக் கூட்டம் நெரியும். அந்த நேரத்தில் காலைச் சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்றிலிருந்து நாலுவரை உள்ளே இருங்கள். அருங்காட்சியகம் போகலாம், திங்கட்கிழமை பலவும் மூடியிருக்கும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பல்பொருள் அங்காடிகளின் நிலவறையில் உணவுக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே ஒரு மணி நேரம் போவது தெரியாது. தூரமான ஊருக்கு ரயில் ஏறுவதாக இருந்தால் அதையும் இந்த நேரத்துக்கு ஒதுக்கலாம். எனக்குப் பிடித்தது தூக்கம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஹோட்டல்களில் பொதுவாக மூன்று மணிக்கு முன் அறை தரமாட்டார்கள். பல நாள் தங்கும்போதும் சுத்தம் செய்கிறவர்கள் வருவது இந்த நேரத்தில்தான். கதவில் ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ அட்டையை மாட்டிவிட்டுத் துண்டுகளை மட்டும் வரவேற்பறையில் மாற்றிக்கொண்டேன். ஊர் விட்டு ஊர் மாறும் நாளில் மத்தியானத் தூக்கம் கிடையாது என்று தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

வெளியிலிருந்து ரயிலுக்குள் ஏறியதும் வியர்வை குளிர்ந்து தும்மல் வரும். ‘குறைந்த குளிர்’ என்று ஒட்டியிருக்கும் பெட்டிகள் பல தடங்களில் உண்டு, அதில் ஏறலாம்.

மாலை ஐந்தை ஒட்டிப் பெரும்பாலான கோயில்களை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆற்றங்கரையும் தெருவும்தான். கியோட்டோவில் ஒரு சந்தில், கடைக்கார அம்மா ஒருவர் மரத்தொட்டியிலிருந்து மூங்கில் அகப்பையால் தண்ணீரை மொண்டு வாசலில் வீசிக்கொண்டிருந்தார். வாசல் தெளிப்பது! நம் வீட்டில் விடிகாலையில் கோலத்துக்காகத் தெளிக்கிறார்கள். அங்கே சாயங்காலம் சூட்டைத் தணிக்க. உச்சிமிசு என்று பெயர். கல் தரையிலிருந்து எழுந்த மண் வாசனை மட்டும் இரண்டுக்கும் ஒன்றே.

தாகமும் உப்பும்

தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் போதாது என்பதுதான் நான் படியில் உட்கார்ந்து கற்றது. வியர்வையில் உப்பும் போகிறது. தெருவுக்குத் தெரு நிற்கும் தானியங்கி இயந்திரங்களில் வாற்கோதுமைத் தேநீர் முகிச்சாவும், உப்பும் சர்க்கரையும் கலந்த போகாரி ஸ்வெட்டும் கிடைக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முகிச்சாவில் காஃபின் இல்லை, குழந்தைகளுக்கும் கொடுக்கலாம். மருந்துக் கடையில் ஓஎஸ்-1 என்ற பானம் இருக்கிறது, நம் ஓஆர்எஸ் போல. தலைவலி, குமட்டல் தொடங்கினால் அதை வாங்குங்கள். வியர்ப்பது நின்றுவிட்டாலோ, பேச்சு குழறினாலோ யோசிக்காமல் 119-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸுக்கு அதுதான் எண்.

வெப்ப எச்சரிக்கையை முதல் நாளே அறிவிக்கிறார்கள். ‘சேஃப்டி டிப்ஸ்’ என்ற செயலியைப் போட்டுக்கொண்டால் வெயில், நிலநடுக்கம், புயல் மூன்றும் ஆங்கிலத்தில் வரும். ஆகஸ்ட், செப்டம்பர் புயல் மாதங்கள். புயல் கிட்ட வருகிறது என்றால் ரயில் நிறுவனங்கள் முன்கூட்டியே அறிவித்து ரயில்களை நிறுத்திவிடும். அறிவிப்பு வந்த அன்றே ஊர் மாறிவிடுங்கள், அல்லது இருக்கும் அறையை ஒரு நாள் நீட்டித்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு விமான நிலையம் இருக்கும் நகரத்திலேயே இருப்பது நல்லது.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. பனிக்கட்டித் தண்ணீரில் அலசிய மெல்லிய சோமென் நூடுல்ஸ், மூங்கில் தட்டில் வரும் குளிர்ந்த சோபா நூடுல்ஸ், வெள்ளரியும் முட்டையும் வரிசையாக அடுக்கிய ஹியாஷி சூக்கா நூடுல்ஸ் என்று வெயிலுக்கென்றே ஒரு சமையல் இருக்கிறது. வெள்ளைத் துணியில் நீல அலையும் சிவப்பு எழுத்தும் உள்ள கொடி தொங்கினால் ககிகோரி கடை: பூப்போல் துருவிய பனிக்கட்டி, மேலே பாகு.

சைவர்கள்தான் விழிப்பாக இருக்க வேண்டும். குளிர்ந்த சோபாவைத் தோய்த்துச் சாப்பிடும் சாற்றுக்கும் ட்சுயு என்றே பெயர். மழையிலிருந்து தப்பினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. அதில் உலர்ந்த மீன் துருவலில் இறக்கிய தாஷி என்ற அடிச்சாறு இருக்கிறது. வெறும் டோஃபு கேட்டேன்; மேலே தூவியிருந்த மீன் சீவல் காற்றில் உயிரோடு நெளிவதுபோல் ஆடியது. மரத்தில் கத்தும் சிள்வண்டுகூட அங்கே ‘மீன் மீன் மீன்ன்’ என்றுதான் கத்துகிறது. கேலியில்லை, அந்த ஓசையை வைத்து அதன் ஜப்பானியப் பெயரே மின்மின்-செமி.

தப்பிக்கும் வழி இது. கொன்பினி எனப்படும் 24 மணி நேரக் கடைகளில் சூடாக்கிச் சாப்பிடும் வெறுஞ்சோற்றுப் பெட்டி கிடைக்கும், கடையிலேயே சூடாக்கிக்கொள்ளலாம். இனிப்புச் சேர்க்காத தயிர் பெரிய டப்பாவில் இருக்கும். அரிசி ஒட்டும் ரகம் என்பதால் குழைந்த தயிர்ச் சோறு தானாகவே வந்துவிடுகிறது. ஊறுகாய்க்கு உமேபோஷி, உப்பில் ஊறிய புளிப்புப் பிளம். சிலவற்றில் மீன் சுவை சேர்த்திருப்பார்கள், தேனிலும் ஊறவைப்பார்கள். சேர்மானப் பட்டியலைத் தொலைபேசி மொழிபெயர்ப்புக் கேமராவில் காட்டிவிட்டு எடுங்கள். மத்தியான வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு எனக்கு அங்கே அமையவில்லை.

இரவுத் திருவிழாக்கள்

வெயிலைப் பொறுத்துக்கொண்டதற்குக் கூலி இரவில் கிடைக்கிறது. ஜூலை 17-லும் 24-லும் கியோட்டோவில் கியோன் திருவிழாத் தேர்கள் வரும். அவை காலையில் என்பதால் நிழல் பக்கம் பார்த்து நில்லுங்கள். ஜூலைக் கடைசி சனிக்கிழமை டோக்கியோவில் சுமிதா ஆற்று வாணவேடிக்கை. ஆகஸ்ட் 2 முதல் 7 வரை அவோமோரியில் நெபுத்தா, உள்ளே விளக்கேற்றிய ராட்சதக் காகிதப் பொம்மைகளின் ஊர்வலம். ஆகஸ்ட் 16 இரவு எட்டு மணிக்குக் கியோட்டோ மலைச்சரிவில் ‘பெரிய’ என்று பொருள்படும் எழுத்து நெருப்பில் தெரியும். வந்த முன்னோர்களை வழியனுப்புகிறார்கள். வாணவேடிக்கை முடிந்ததும் பக்கத்து நிலையத்துக்கு ஓடாதீர்கள், அடுத்த நிலையம்வரை நடந்துவிடுங்கள்.

இவையெல்லாம் வேடிக்கை பார்ப்பவை. ஆடவும் ஒன்று உண்டு. ஒபோனை ஒட்டி ஒவ்வொரு பேட்டையிலும் பூங்காவிலோ கோயில் முற்றத்திலோ மரப்பந்தல் கட்டி, அதைச் சுற்றி போன் ஒடோரி ஆடுவார்கள். கட்டணமில்லை, அழைப்பில்லை, வெளிநாட்டவர் என்று யாரும் தடுப்பதும் இல்லை. வயதான அம்மா ஒருவரைப் பார்த்து அவருக்குப் பின்னால் வட்டத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். அவர்கள்தான் தப்பில்லாமல் ஆடுவார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஆட்டம் அனேகமாக எல்லா இடத்திலும் வரும். மண்வெட்டியால் இரண்டு முறை தோண்டு, இரண்டு முறை தோளுக்குப் பின்னால் கொட்டு, நெற்றியில் கைவைத்துத் திரும்பிப் பார், வண்டியைத் தள்ளு, கை தட்டு. நான் மூன்றாம் சுற்றில்தான் பிடித்தேன். அதுவரை வண்டி தள்ள வேண்டிய இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தேன். முன்னால் இருந்த அம்மா திரும்பாமலேயே தன் கையைக் கொஞ்சம் உயர்த்தி, மெதுவாகச் செய்து காட்டினார்.

நேரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். டாக்ஸிக் கட்டணத்தில் இன்னொரு நாள் அறையே எடுத்துவிடலாம்.